‘ஸ்டீரிங் ரேக் போயிருச்சு’ என்கிறாரா மெக்கானிக்? மாற்றும் முன் பார்க்க வேண்டியது என்ன?

காலையில் காரை சர்வீஸுக்கு விட்டுவிட்டு ஆபீஸ் போயிருப்பீர்கள். மதியம் போன் வரும். “சார், ஸ்டீரிங் ரேக் போயிருச்சு, மாத்தணும்.” பிரேக் பேட், ஆயில் என்றால் ஓரளவு புரியும். ரேக் என்றால்? புரியாமலேயே “சரி, மாத்திடுங்க” என்பவர்கள் உண்டு. செலவுக்குப் பயந்து “அடுத்த சர்வீஸ்ல பார்ப்போம்” என்று தள்ளிப்போடுபவர்களும் உண்டு. முதல் பதிலில் சில ஆயிரம் ரூபாய் வீணாகலாம். இரண்டாவதில் வண்டியே கட்டுப்பாட்டை இழக்கலாம்.

கம்பெனிகளே இதை எவ்வளவு சீரியஸாக எடுத்துக்கொள்கின்றன என்பதற்கு உதாரணம் இருக்கிறது. 2024 ஆகஸ்டில் மாருதி சுசூகி 2,555 ஆல்டோ கே10 கார்களைத் திரும்ப அழைத்தது. ஸ்டீரிங் கியர் பாக்ஸ் அசெம்பிளியில், அதாவது ரேக் இருக்கும் பகுதியில், குறைபாடு இருக்கலாம் என்ற சந்தேகம்தான் காரணம். பாகத்தை மாற்றும் வரை வண்டியை ஓட்டவே வேண்டாம் என்றும் உரிமையாளர்களிடம் சொன்னது. அதற்கு முந்தைய ஆண்டு ஜூலையில், 87,599 எஸ்-பிரெஸ்ஸோ, ஈக்கோ வண்டிகளை ஸ்டீரிங் டை ராடு பிரச்சினைக்காக அழைத்தது. அவை 2021 ஜூலை 5 முதல் 2023 பிப்ரவரி 15 வரை தயாரானவை.

ரேக் என்பது என்ன?

பற்கள் வெட்டிய ஒரு நீளமான இரும்புத் தண்டு. ஸ்டீரிங்கைத் திருப்பினால் கீழே பினியன் என்ற சிறிய பல்சக்கரம் சுழன்று, இந்தத் தண்டை இடமோ வலமோ தள்ளும். தண்டின் இரு முனைகளிலும் உள்ள டை ராடுகள் முன்சக்கரங்களைத் திருப்பும். டை ராடு தண்டோடு சேரும் இடம் ரேக் எண்ட். சக்கரத்தோடு சேரும் இடம் டை ராடு எண்ட். ரேக் எண்ட் இருக்கும் பகுதியை மூடியபடி, அக்கார்டியன் போல மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை இருக்கும். அதுதான் பூட்.

மதுரைக்காரர்கள் கவனிக்க வேண்டியது இந்த ரப்பரைத்தான். முல்லைப் பெரியாறு குடிநீர் குழாய்க்கும் பாதாளச் சாக்கடைக்கும் தோண்டி, மண் போட்டு மூடிய தெருக்களில் ஓடாத கார் நகரத்தில் இல்லை. திருமங்கலம், பேரையூர் பக்கம் போனால் கரிசல் மண். மழையில் உப்பி, வெயிலில் வெடித்துச் சுருங்கும் மண்ணின் மேல் போட்ட ரோடு அலை அலையாகத்தான் கிடக்கும். குழியில் சக்கரம் விழும் ஒவ்வொரு அடியும் டை ராடு வழியாக ரேக்குக்குப் போகிறது. பூட் கிழிந்திருந்தால் புழுதி உள்ளே ஏறி கிரீஸோடு சேர்ந்து அரத்தூள் மாதிரி அறுக்கும். மழைக்காலத்தில் கர்டர் பாலத்தில் தேங்கிய தண்ணீருக்குள் ஒருமுறை இறங்கி ஏறினாலே போதும், தண்ணீர் உள்ளே போய் தண்டு துருப்பிடிக்கும். சில நூறு ரூபாய் ரப்பரைக் கவனிக்காததால் பல ஆயிரம் ரூபாய் ரேக் போவது இப்படித்தான். ஆயில் மாற்ற வண்டியை லிப்ட்டில் ஏற்றும்போது “பூட் எப்படி இருக்கு, காட்டுங்க” என்று கேட்டு, ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

சத்தம் வந்தால் ரேக்தானா?

இல்லை. குழியில் இறங்கும்போது ‘டக் டக்’ என்று வரும் சத்தம் லிங்க் ராடு, லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், டை ராடு எண்ட் என எதிலிருந்தும் வரலாம். இவை பெரும்பாலும் ரேக்கைவிட மலிவானவை. எனவே மெக்கானிக்கை நேரில் காட்டச் சொல்லுங்கள். முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரிகிறதா? டை ராடு எண்ட் அல்லது ரேக் எண்ட் மீது சந்தேகப்படலாம். மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டும்போது ஆடினால் வீல் பேரிங், பால் ஜாயின்ட் பக்கம் பார்க்க வேண்டும். இவையெல்லாம் சரியாக இருந்தும் ஸ்டீரிங்கில் வெற்றாட்டம் இருந்தால்தான் ரேக்.

ஹைட்ராலிக் பவர் ஸ்டீரிங் வண்டிகளில் இன்னொரு அடையாளம், பூட்டுக்குள் ஆயில் கசிவது. பழைய இன்னோவா, பொலிரோ வைத்திருப்பவர்கள் இதைப் பார்க்க வேண்டும். இப்போதைய சின்ன கார்கள் பெரும்பாலும் எலெக்ட்ரிக் பவர் ஸ்டீரிங். அவற்றில் ஆயிலே கிடையாது. “பவர் ஸ்டீரிங் ஆயில் மாத்தினோம்” என்று அப்படிப்பட்ட காருக்கு பில் வந்தால், பில்லைத் திருப்பிக் கொடுக்கலாம்.

“மாத்த வேணாம், டைட் பண்ணித் தர்றேன்”

செலவு மிச்சம் என்று பலர் தலையாட்டும் இடம் இது. ரேக்கில் ஆட்டத்தைக் குறைக்க ஒரு அட்ஜஸ்ட்மென்ட் இருப்பது உண்மைதான். ஆனால் நாம் பெரும்பாலும் நேராகத்தான் ஓட்டுகிறோம். அதனால் தண்டின் நடுப்பற்கள்தான் அதிகம் தேயும். ஓரப்பற்கள் புதுசு போலவே இருக்கும். நடுவுக்கு ஏற்ற மாதிரி இறுக்கினால், வளைவில் திரும்பும்போது ஓரத்தில் இறுகும், ஸ்டீரிங் தானாக நேருக்குத் திரும்பி வராது. ஆட்டத்தோடு ஓட்டுவதைவிட இது மோசம். லேசான தளர்வுக்கு, கம்பெனி அளவுப்படி செய்தால் சரி. தேய்ந்த ரேக்கை இறுக்கி விற்கப்படும் பழைய கார்களும் உண்டு. டெஸ்ட் டிரைவில் யூ-டர்ன் எடுத்துவிட்டுக் கையைத் தளர்த்திப் பாருங்கள், தெரிந்துவிடும்.

மாற்றியே ஆக வேண்டும் என்றால்?

பேட்டரி இணைப்பைக் கழற்றி, ஸ்டீரிங்கை நேராக வைத்துப் பூட்டிய பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். ரேக்கைக் கழற்றியபின் ஸ்டீரிங் தன்னிஷ்டத்துக்குச் சுழன்றால், ஏர்பேக்குக்கு மின்சாரம் கொண்டுபோகும் கிளாக் ஸ்பிரிங் அறுந்துபோகும். அதற்குத் தனி பில். வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் கட்டாயம். செய்யாவிட்டால் புது டயரே ஒரு பக்கமாகத் தேய்ந்துவிடும். ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் உள்ள கார்களில் ஸ்டீரிங் ஆங்கிள் சென்சாரையும் ரீசெட் செய்ய வேண்டும். பில்லில் வரியையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் எல்லா வாகன உதிரிபாகங்களுக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதம்தான். பழைய 28 சதவீதத்தைப் போட்டிருந்தால் கேளுங்கள்.

செகண்ட் ஹேண்ட் கார் வாங்கியவர்களுக்கு

ரீகால் அழைப்பு கம்பெனி வைத்திருக்கும் போன் நம்பருக்குத்தான் போகும். கார் கைமாறியிருந்தால் அந்த நம்பர் பழைய ஓனருடையதாக இருக்கலாம். ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டோ, டீலரிடம் கொடுத்தோ பார்த்துவிடலாம். ரீகால் இருந்தால் அந்தப் பாகத்தை இலவசமாக மாற்றித் தருவார்கள்.

2021 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கும் விதிகளின்படி, ஏழு ஆண்டுகளுக்கு உட்பட்ட வாகனங்களைத் திரும்ப அழைக்கச் சொல்லி அரசே உத்தரவிட முடியும். அபராதம் ரூ.10 லட்சம் முதல் ரூ.1 கோடி வரை. ஆனால் ஒரே மாடலைப் பற்றி குறிப்பிட்ட எண்ணிக்கையில் புகார்கள் சேர்ந்தால்தான் நடவடிக்கை தொடங்கும். புது காரில் ஸ்டீரிங் தகராறு செய்தால், சர்வீஸ் சென்டரில் வாய்ச்சண்டை போட்டுவிட்டு வந்தால் அது கணக்கில் வராது. வாகன் தளத்தில் பதிவு செய்தால்தான் எண்ணிக்கையில் சேரும்.