தாத்தா எந்த மொழியில் படிப்பார்?

"அண்ணே, அப்பாவுக்குக் காது மந்தமாயிடுச்சு. எழுத்து வர்ற, ரெக்கார்ட் பண்ற பெட்டி எதை வாங்கலாம்?"

தீபாவளி மலிவு விற்பனை தொடங்கினால் இந்தக் கேள்வி எனக்கு வந்துவிடும். வானொலியில் வேலை செய்கிறவனுக்கு மின்சாமான் கடைச் சரக்கெல்லாம் அத்துப்படி என்று நம் மக்களுக்கு ஒரு நம்பிக்கை. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். அப்பா எந்த மொழியில் படிப்பார்?

"தமிழ்தாண்ணே. தோட்டத்துப் பள்ளியில ஆறாவது வரைக்கும்."

சிக்கல் அங்கேதான் இருக்கிறது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும், ஒளிபரப்பில் வராத எழுத்தைப் பெட்டி காட்டாது. நம் நாட்டுத் தொலைக்காட்சியில் தமிழ்ப் படத்துக்கும் தமிழ் நாடகத்துக்கும் கீழே ஓடுவது பெரும்பாலும் மலாய் எழுத்து. சுங்கை சிப்புட்டிலோ பாகான் டத்தோவிலோ பால்மரம் வெட்டி ஓய்ந்த ஒருவர் மலாய் நன்றாகப் பேசுவார். ஆனால் இரண்டு வினாடியில் மறைந்துவிடும் மலாய் வரியை ஓடிப் பிடித்துப் படிப்பாரா? அதை முதலில் தெரிந்துகொண்டு கடைக்குப் போவது நல்லது.

காது மந்தம் என்றால் என்ன என்பதையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். "சத்தம் கேக்குது, என்ன பேசுறான்னுதான் புரியல" என்று பெரியவர்கள் சொல்வார்கள். நாம் அதைச் சாக்கு என்று நினைத்துக்கொள்கிறோம். அது சாக்கு இல்லை, துல்லியமான விளக்கம். வயதாகும்போது முதலில் தேய்வது கீச்சு ஒலிகளைப் பிடிக்கும் திறன். உயிரெழுத்துகளின் ஓசை கனமானது, தப்பித்துவிடும். க, ச, ட, த, ப போன்ற வல்லின மெய்களை வேறுபடுத்திக் காட்டும் நுணுக்கமெல்லாம் மேல் ஒலிகளில்தான் இருக்கிறது. கடை, சடை, தடை, படை, வடை என்று ஐந்து சொல் சொன்னால் அவர் காதில் ஐந்தும் 'அடை'யாகவே விழும். ஒலியைக் கூட்டினால் 'அடை'தான் பெரிதாகும், கூடவே சீரியலின் பின்னணி இசையும் அலறும். (வானொலியில் நாங்கள் பேசும்போது இசையை அடக்கி வைப்போம். சீரியல்காரர்களுக்கு அந்தப் பழக்கமே கிடையாது. மாமியார் வாயைத் திறக்குமுன் மூன்று முறை இடி இடிக்க வேண்டும்.)

60 வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு 25 பேருக்கு மேல் அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கும் அளவுக்குச் செவித்திறன் குறைவு இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. பேராக்கில் வயதோடு வேலையும் சேர்ந்துகொள்கிறது. தோட்டத்துப் பால் ஸ்டோரில் ரப்பர் பாலை உருட்டிப் பிழியும் மெஷின்கள், கிந்தா பள்ளத்தாக்கின் ஈயக் கப்பல்கள். தஞ்சோங் துவாலாங்கில் இன்று சுற்றுப்பயணிகள் படமெடுத்துக்கொள்ளும் ஐந்தாம் எண் ஈயக் கப்பல் 1938-இல் தொடங்கி 1982 வரை ஓடியது. அதன் மேல்தளத்தில் நின்று வேலை பார்த்தவர்களின் காது என்ன பாடுபட்டிருக்கும்? தொழிற்சாலை இரைச்சலுக்கென்று இந்நாட்டில் தனி விதிமுறைகள் 1989-இல்தான் வந்தன. அதற்கு முன் வேலைக்குப் போனவர்களில் பலர் காதில் எதையும் மாட்டியதில்லை.

சரி, பெட்டிக்கு வருவோம்.

திரையில் வரும் எழுத்து இரண்டு வகை. ஒன்று, படத்தோடு படமாகப் பதிந்தே வருவது. டிவி2-இல் உள்ளூர்த் தமிழ் நாடகத்தின் கீழே வரும் மலாய் வரி இந்த வகை. அதை அணைக்க முடியாது, எதில் பதிவு செய்தாலும் கூடவே வரும். இன்னொன்று, படத்துக்குப் பக்கத்தில் தனி ஓடையாக வருவது. அஸ்ட்ரோவின் பல அலைவரிசைகளில் மொழியைத் தேர்ந்தெடுத்து, வேண்டுமானால் காட்டி, வேண்டாமானால் மறைக்கலாமே, அது இந்த வகை. பெட்டி வாங்கும்போது சிந்திக்க வைப்பது இந்த இரண்டாவது வகைதான்.

இதில் வீட்டுக்கு வீடு நடக்கும் கூத்து ஒன்று உண்டு. தாத்தா டிவி ரிமோட்டை எடுத்து சப்டைட்டில் பொத்தானை அமுக்குவார். ஒன்றும் வராது. டிவி கெட்டுப்போச்சு என்று பேரனைக் கூப்பிடுவார். டிவி கெடவில்லை. டிகோடரிலிருந்து எச்டிஎம்ஐ கம்பி வழியாக வரும்போது, எழுத்தைப் படத்தின்மேல் வரைந்து அனுப்புவது டிகோடரின் வேலை. டிவிக்கு அங்கே எழுத்து இருப்பதே தெரியாது. அமுக்க வேண்டியது டிகோடரின் ரிமோட்டை. அந்தப் பொத்தானில் ஒரு சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டிவிடுங்கள், பாதிச் சண்டை குறையும். தாத்தாவால் தானே இயக்க முடியாத பெட்டி, எத்தனை வசதி இருந்தாலும் அவருக்கு உதவாது.

எழுத்து பெரிதாக வருமா என்றும் கேட்கிறார்கள். இலக்க ஒளிபரப்பில் தனி ஓடையாக வரும் வரிகள் பல நேரங்களில் எழுத்தாக வருவதில்லை, சிறு சிறு படங்களாகவே வருகின்றன. கைப்பேசியில் பெரிதாக்குவதுபோல் அவற்றைப் பெரிதாக்க முடியாது. கண் புரையும் இருக்கிற பெரியவருக்குப் பெரிய திரை வேண்டும், அல்லது நாற்காலியை முன்னால் இழுத்துப் போட வேண்டும். நாற்காலிக்குச் செலவு இல்லை.

பதிவு செய்யும் வசதி எதற்கு? நமக்கு அது நேரம் மிச்சம். காது கேட்காதவருக்கு அது கால அவகாசம். வரியைப் படித்து முடிக்கும்வரை படத்தை நிறுத்தி வைக்கலாம், பத்து வினாடி பின்னால் போகலாம். மெதுவாகப் படிப்பவருக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை. எனவே ரிமோட்டில் நிறுத்தும் பொத்தானும் பின்னோக்கும் பொத்தானும் பெரிதாக, தனியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். எத்தனை நூறு மணி நேரம் பதிவாகும் என்ற விளம்பரத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அஸ்ட்ரோ வைத்திருப்பவர்களுக்குப் பழைய பிவிஆர் பெட்டி என்றால் பதிவு உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும். 2019-இல் வந்த அல்ட்ரா, அடுத்த ஆண்டு வந்த அல்டி போன்ற பெட்டிகள் இணையத்தில் சேமிக்கின்றன. ஈப்போ நகரில் கவலையில்லை. இணையம் நொண்டியடிக்கும் தோட்டத்துக்கு வாங்கிக் கொடுப்பதாக இருந்தால் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள்.

இலவச ஒளிபரப்பு மட்டும் பார்க்கிற வீடுகள் எத்தனையோ. பழைய ஒளிபரப்பு 2019 அக்டோபர் 31-உடன் நாடு முழுவதும் நின்றது. அதற்கு முன்பே குறைந்த வருமானக் குடும்பங்கள் பலவற்றுக்கு மைடிவி டிகோடர் இலவசமாகக் கிடைத்தது. அதன் பின்புறத்திலோ பக்கவாட்டிலோ யூஎஸ்பி துளை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்து, மெனுவில் பதிவு வசதியும் இருந்தால், புதுப் பெட்டிக்கு ஏன் காசு? ஒரு ஹார்ட் டிஸ்க் போதும். எச்டி நிகழ்ச்சிக்கு மணிக்குத் தோராயமாக 2 முதல் 4 ஜிபி இடம் போகும். ஓர் எச்சரிக்கை: முதல்முறை செருகும்போது டிஸ்க்கை 'ஃபார்மட்' செய்யவா என்று பல பெட்டிகள் கேட்கும். சரி என்று அமுக்கினால் அதில் இருந்த அக்கா கல்யாணப் படங்கள் எல்லாம் போய்விடும்.

சில டிவிகளிலேயே பதிவு வசதி இருக்கிறது. ஆனால் அப்படிப் பதிவு செய்தது பெரும்பாலும் அதே டிவியில்தான் ஓடும். அண்ணன் வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பார்க்க நினைத்தால் ஏமாற்றம்தான்.

கடையில் செய்ய வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது. கடைக்காரர் சப்டைட்டில் வருவதைக் காட்டுவார், பதிவாவதையும் காட்டுவார். இரண்டையும் சேர்த்துக் காட்டச் சொல்லுங்கள். எழுத்து தனி ஓடையாக வரும் ஒரு நிகழ்ச்சியை ஐந்து நிமிடம் பதிவு செய்து, அங்கேயே திருப்பி ஓட்டி, எழுத்து வருகிறதா, நிறுத்தி வைத்தால் நிற்கிறதா, பின்னால் போனால் மறுபடி வருகிறதா என்று பாருங்கள். நேரலையில் எழுத்தைக் காட்டிவிட்டு, பதிவில் அதைக் கோட்டை விடும் பெட்டிகள் இருக்கின்றன. "எல்லாம் வரும் சார், எடுத்துட்டுப் போங்க" என்றால் வேறு கடைக்கு நடங்கள். முடிந்தால் அப்பாவையும் அழைத்துப் போங்கள். ரிமோட் அவர் கையில் இருக்கட்டும்.

இவ்வளவு பார்த்து வாங்கிய பிறகும், தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த அப்பாவுக்குத் திரையில் வருவது மலாய்தான். மலாய் வரி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மற்ற இன மக்களும் நம் நாடகத்தைப் பார்க்க அதுதான் வழி. ஆனால் தமிழ் வரி ஏன் இல்லை?

அதற்குச் செலவாகும் என்பார்கள். இந்தத் துறையிலேயே இருப்பதால் சொல்கிறேன்: தமிழ் வசனம் ஏற்கெனவே தட்டச்சு செய்யப்பட்டுத்தான் இருக்கிறது. நாடக நடிகர் அதை வைத்துத்தான் மனப்பாடம் செய்கிறார். செய்தி வாசிப்பாளர் அதைத் திரையில் ஓடவிட்டுத்தான் படிக்கிறார். மலாய் வரிக்கு ஒருவர் உட்கார்ந்து மொழிபெயர்க்க வேண்டும். தமிழ் வரிக்கு மொழிபெயர்ப்பே தேவையில்லை, நேரத்தோடு பொருத்தினால் போதும். இலக்க ஒளிபரப்பில் ஒரே நிகழ்ச்சிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட எழுத்து ஓடைகளை அனுப்ப வழியிருக்கிறது.

பேசும் மொழியிலேயே எழுத்துப் போடுவது புதிய யோசனையும் இல்லை. அகமதாபாத் ஐஐஎம் பேராசிரியர் பிரிஜ் கோத்தாரி 1996-இல் இதை இந்தியாவில் முன்வைத்தார். 1999-இல் குஜராத் தூர்தர்ஷனில் குஜராத்தித் திரைப்பாடல்களுக்குக் கீழே குஜராத்தி வரிகளே ஓடத் தொடங்கின. அவர் நோக்கம் காது கேளாதவர்களுக்காக மட்டும் இல்லை, அரைகுறையாகப் படிக்கத் தெரிந்தவர்கள் பாட்டோடு சேர்ந்து படித்துப் பழகட்டும் என்பதே முதன்மை. ஆறாவதோடு நின்ற நம் தோட்டத்துப் பாட்டிமாருக்கு இரண்டுமே பொருந்தும்.

அமெரிக்காவில் 1990-இல் ஒரு சட்டம் போட்டார்கள். 1993 ஜூலை முதல் 13 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள டிவி எதுவானாலும், எழுத்தைக் காட்டும் கருவி உள்ளேயே இருக்க வேண்டும். அதுவரை தனிப் பெட்டி வாங்கி மாட்டிக்கொண்டிருந்தார்கள். இந்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சு 2019 செப்டம்பரில் செவித்திறன் குறைந்தவர்களுக்கான தொலைக்காட்சித் தர விதிகளை வெளியிட்டது. நம்மிடமும் 2008-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் இருக்கிறது. தகவலும் தொடர்புத் தொழில்நுட்பமும் மற்றவர்களுக்குச் சமமாக அவர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்கிறது அதன் 30-ஆம் பிரிவு. தமிழ் அலைவரிசைகளுக்கு எழுதும்போது நடிகையின் சேலையைப் பற்றி எழுதுகிற நாம், இதையும் ஒரு வரி எழுதிக் கேட்கலாம். நேயர் கடிதத்தை நிலையத்தில் படிக்கிறார்கள், நான் பார்த்திருக்கிறேன்.

அதுவரை? ஆண்ட்ராய்டு கைப்பேசியில் கூகளின் 'லைவ் டிரான்ஸ்கிரைப்' என்று ஒரு செயலி இருக்கிறது, இலவசம். 70-க்கும் மேற்பட்ட மொழிகளைக் கேட்டு எழுதிக் காட்டும், தமிழும் அதில் உண்டு. கைப்பேசியை டிவி ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் வைத்தால் செய்தி போன்ற தெளிவான பேச்சு ஓரளவு வந்துவிடும். நாலு பேர் சேர்ந்து கத்தும் நகைச்சுவைக் காட்சியில் தடுமாறும். "போலாம்லா, தாப்பாவ்" என்று நம் ஈப்போத் தமிழில் பேசினால் அது எழுதுவதே தனி நகைச்சுவை. ஆனால் எழுத்தைப் பெரிதாக்கலாம், அது டிவியில் கிடைக்காத வசதி.

படிக்கவே தெரியாத பாட்டிக்கு எந்த எழுத்தும் உதவாது. அவருக்கு ஒலிதான் வழி. டிவியின் ஒலி அமைப்பில் பேச்சைத் தூக்கிக் காட்டும் தேர்வு இருந்தால் அதைப் போடுங்கள். கூடத்தின் மறுகோடியில் அலறும் டிவியைவிட, நாற்காலிக்குப் பக்கத்தில் மெல்லப் பேசும் சின்ன ஒலிபெருக்கி தெளிவாகக் கேட்கும். ஒலிவாங்கியை வாயருகே வைத்துப் பேசுகிற எங்கள் தொழிலின் பாலபாடமே அதுதான்.

பெட்டி வாங்குவதற்கு முன் செவிப் பரிசோதனை ஒன்று செய்துவிடுங்கள். ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவு இருக்கிறது. வட்டாரக் கிளினிக்கில் கடிதம் வாங்கிக்கொண்டு போகலாம். சில நேரம் காதில் அடைத்துக்கொண்ட அழுக்கை எடுத்தாலே போதும் என்றாகிவிடும். போகும்போது அவர் எந்த வேலையில் எத்தனை ஆண்டு இருந்தார் என்பதையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். தொழிற்சாலை இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பைப் பெர்க்கேசோ தொழில்சார் நோயாக ஏற்கிறது. பால் ஸ்டோரில் 18 வருஷம் என்றால், அதை டாக்டரிடம் அப்பா தானாகச் சொல்ல மாட்டார். கேள்வியே அவர் காதில் சரியாக விழுந்திருக்காது.