வீடு ஒரு ஆபீசில், உதவி ஒரு ஆபீசில்... அலையும் வட சென்னை மாற்றுத்திறனாளி குடும்பங்கள்!

எண்ணூர் மக்களால் 2023-ம் ஆண்டு டிசம்பர் 26-ந்தேதி ராத்திரியை மறக்கவே முடியாது. பெரியகுப்பம் கடலோரத்தில், உர ஆலைக்கு அமோனியா கொண்டு வரும் குழாயில் கசிவு. கண் எரிச்சல், மூச்சுத் திணறல். தூக்கத்தில் இருந்து எழுந்தவர்கள் பிள்ளைகளை தூக்கிக்கொண்டு நடுரோட்டுக்கு ஓடி வந்தார்கள். 40-க்கும் மேற்பட்டோர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டனர்.

ஓட முடிந்தவர்கள் ஓடினார்கள். ஓட முடியாதவர்கள் கதி என்ன? முதுகுத்தண்டு அடிபட்டு படுத்த படுக்கையாக கிடப்பவர், சத்தம் கேட்டாலே மிரண்டு போகும் ஆட்டிசம் பிள்ளை, மூளை முடக்குவாதம் வந்த வாலிபர். இவர்கள் எல்லாம் எந்த தெருவில், எத்தனையாவது மாடியில் இருக்கிறார்கள் என்ற பட்டியல் அவசரத்துக்கு யார் கையில் இருக்கிறது?

சட்டத்தில் இதற்கு பதில் இருக்கு. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 8-வது பிரிவின்படி, மாவட்ட பேரிடர் மேலாண்மை ஆணையம் அந்த மாவட்ட மாற்றுத்திறனாளிகளின் விவரங்களை பதிவேட்டில் வைத்திருக்க வேண்டும். ஆபத்து வந்தால் அவர்களுக்கு தகவல் சொல்ல வேண்டும்.

ஆனால் சட்டப்படி ஒரு பதிவேடு இருந்தால் மட்டும் போதாது. அதில் இருக்கிற ஆளுக்கு வீடு எங்கே, மருந்து எங்கே, கூட இருந்து பார்த்துக்கொள்வது யார் என்பதும் ஒரே இடத்தில் தெரியணும். சிக்கலே அங்கேதான்!

ஒரு ஆளுக்கு எத்தனை கதவு?

ஒரு உதாரணத்துக்கு, காசிமேட்டில் ஒரு மீன்பிடி தொழிலாளி குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். மகனுக்கு 24 வயது. மூளை முடக்குவாதம். பேச்சு வராது. வலிப்பும் உண்டு. குளிப்பாட்ட, சாப்பாடு ஊட்ட ஆள் வேண்டும்.

ஊனத்தின் சதவீதம் போட்டு சான்றிதழ் வாங்க அரசு ஆஸ்பத்திரி டாக்டரிடம் போகணும். பராமரிப்பு உதவித்தொகைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். வருவாய்த்துறை பென்ஷன் என்றால் தாசில்தார் ஆபீஸ். வீடு வேண்டும் என்றால் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். 18 வயது தாண்டிய மகனுக்கு சட்டப்படி பாதுகாவலர் ஆகணும் என்றால் கலெக்டர் தலைமையிலான தேசிய அறக்கட்டளை உள்ளூர் குழு.

5 வேலைக்கு 5 கதவு. ஒவ்வொரு இடத்திலும் அதே ஜெராக்ஸ், அதே போட்டோ, அதே கேள்வி. ஒரு நாள் அலைந்தால் ஒரு நாள் கூலி போச்சு. மகனை யாரிடம் விட்டுட்டு போவது என்பது தனிப் பிரச்சினை.

பல வகை ஊனம் உள்ளவர்களுக்கென்றே மத்திய அரசின் தேசிய நிறுவனம் 2005-ம் ஆண்டு தொடங்கப்பட்டது. எங்கே? கிழக்கு கடற்கரை சாலையில், முட்டுக்காட்டில்! எண்ணூரில் இருந்து ஏறக்குறைய 50 கிலோ மீட்டர். வடகோடியில் இருப்பவர் தென்கோடிக்கு போகணும்.

5 சதவீதம் கிடைத்தாலும்...

அதே 2016 சட்டத்தின் 37-வது பிரிவு, அரசின் வீடு வழங்கும் திட்டங்களில் 40 சதவீதமோ அதற்கு மேலோ ஊனம் உள்ளவர்களுக்கு 5 சதவீதம் ஒதுக்கீடு தருகிறது. அதிலும் பெண்களுக்கு முன்னுரிமை. நல்ல விஷயம்தான். ஆனால் இது கதவை மட்டும்தான் திறக்கும்.

வட சென்னையின் பழைய வாரிய குடியிருப்புகள் பெரும்பாலும் லிப்ட் இல்லாத மாடி வீடுகள். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு 3-வது மாடியில் வீடு என்றால் அது வீடு இல்லை, சிறை. தரைத்தளமே கிடைத்தாலும் கழிவறை வாசலில் நாற்காலி நுழையணும். புயல் நேரத்தில் தண்ணீர் முதலில் புகுவதும் அதே தரைத்தளத்தில்தான்.

குடிசைப் பகுதி மக்களை கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று தூரமாக குடியமர்த்தும்போது இன்னொரு அடி விழுகிறது. வீடு கைக்கு வரும். ஆனால் "கொஞ்ச நேரம் பார்த்துக்கோக்கா" என்று மகனை விட்டுட்டு போக இருந்த பக்கத்து வீட்டு அக்கா அங்கே இருக்க மாட்டார். வழக்கமாக மருந்து வாங்கும் ஸ்டான்லி ஆஸ்பத்திரியும் தூரமாகிவிடும். வாரியத்தின் கணக்கில் அது ஒரு வீடு கொடுத்த கணக்கு. அந்த குடும்பத்துக்கு அது உதவியை இழந்த கணக்கு.

ஏர்வாடி சொன்ன பாடம்

வீடும் கவனிப்பும் தனித்தனியாக போனால் என்ன நடக்கும் என்பதை தமிழ்நாடு ஏற்கனவே பார்த்துவிட்டது. 2001-ம் ஆண்டு ஆகஸ்ட் 6-ந்தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநல காப்பக கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டிப்போடப்பட்டிருந்த 28 பேர் கருகி இறந்தார்கள். வீட்டில் வைத்து பார்க்க வழி இல்லாத குடும்பங்கள்தான் இப்படிப்பட்ட இடங்களைத் தேடிப் போயின.

மாற்று வழியும் நம்ம ஊரிலேயே இருக்கு. சென்னையில் 1993-ம் ஆண்டு தொடங்கிய 'தி பேனியன்' அமைப்பு, 2015-ல் 'ஹோம் அகெய்ன்' என்ற திட்டத்தை ஆரம்பித்தது. மனநல மருத்துவமனையில் வருஷக்கணக்கில் இருந்த பெண்கள் நாலைந்து பேராக சேர்ந்து சாதாரண தெருவில், சாதாரண வாடகை வீட்டில் குடியிருக்கிறார்கள். உதவிக்கு பணியாளர் இருக்கிறார். மார்க்கெட்டுக்கு போகிறார்கள், சமைக்கிறார்கள். வீடும் உதவியும் ஒரே திட்டத்துக்குள் இருப்பதுதான் இதன் வெற்றி.

'விழுதுகள்' வட சென்னைக்கு எப்படி வரணும்?

தமிழக அரசு உலக வங்கி கடனுதவியோடு 'உரிமைகள்' திட்டத்தை கொண்டு வந்தது. 2022-ல் உலக வங்கி ஒப்புக்கொண்ட தொகை 16.2 கோடி டாலர். வீடு வீடாக கணக்கெடுப்பு, 'விழுதுகள்' என்ற பெயரில் ஒரே இடத்தில் எல்லா சேவையும் தரும் மையம் என்பது திட்டம். பிசியோதெரபி, பேச்சு பயிற்சி எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைத்தால் அது பெரிய நிம்மதி.

ஆனால் அந்த கூரையின் கீழ் வீட்டு வாரியத்துக்கும் ஒரு மேஜை போட வேண்டும். வீடு ஒதுக்கும் முன்பு, கணக்கெடுப்பில் இருக்கிற விவரத்தை வாரியம் பார்க்கணும். எந்த குடும்பத்துக்கு தரைத்தளம், எதற்கு ஆஸ்பத்திரி பக்கம் என்று அப்போதே முடிவாகணும். அதே பட்டியல் மாநகராட்சி மண்டல அலுவலகத்திலும் தீயணைப்பு நிலையத்திலும் இருந்தால், அடுத்த முறை கேஸ் கசிந்தால் யார் வீட்டுக் கதவை முதலில் தட்டணும் என்பது தெரியும். ஒரு குடும்பம், ஒரு பைல், ஒரு பொறுப்பு அதிகாரி. கேட்பது இவ்வளவுதான்.

குடும்பங்கள் செய்ய வேண்டியது

தனித்துவ அடையாள அட்டை இல்லாதவர்கள் உடனே விண்ணப்பிக்கணும். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல வகை ஊனம் உள்ளவர்களுக்கு தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' காப்பீடு 1 லட்சம் ரூபாய் வரை உண்டு. பிள்ளைக்கு 18 வயது முடிந்ததும் பாதுகாவலர் சான்றுக்கு மனு போடணும். ஒரு ஆள் கூடவே இருந்து பார்க்க வேண்டிய நிலை என்றால், 38-வது பிரிவின்படி 'அதிக ஆதரவு தேவை' என்று எழுத்து மூலம் கேட்கலாம். வாரிய வீட்டுக்கு மனு கொடுக்கும்போது தரைத்தளம் தேவை என்பதையும், சான்றிதழ் நகலையும் சேர்த்தே கொடுக்கணும். எது கொடுத்தாலும் ரசீது வாங்காமல் நகரக்கூடாது.

பிள்ளையைப் பெற்றவர்கள் ராத்திரி தூக்கம் இல்லாமல் புரள்வது ஒரே கேள்விக்குத்தான். எங்களுக்கு அப்புறம் இவனை யார் பார்த்துக்குவாங்க? அதற்கு பதில் சொல்ல ஒரு வீட்டுச் சாவி மட்டும் போதாது. சாவியோடு ஒரு ஆளும் வரணும்.