மகாராஜாவும் சிப்பாய்களும்

சதுரங்கம் என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவன ஒத்த பலமுடைய இரு படைகள். இருபுறமும் 16 காய்கள். இருபுறமும் ஒரே விதி. ஆனால், பலத்தில் ஒவ்வாத இரு தரப்பினரை எதிரெதிரே நிறுத்திப் பார்க்கும் ஆட்டங்களும் உண்டு. அத்தகைய ஆட்டங்களில் சிப்பாய்க்குப் பதவியுயர்வு அளிப்பதா, மறுப்பதா என்பது சிறிய கேள்வியன்று. இறுதியாட்டத்தின் தலைவிதியே அதிலேதான் தங்கியிருக்கிறது. அதனை இவ்வாரம் ஆராய்வோம்.

19ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் ஆடப்பட்டது 'மகாராஜாவும் சிப்பாய்களும்' என்னும் ஆட்டம். ஒருபுறம் அரசன், இராணி, கோட்டைகள், மந்திரிகள், குதிரைகள், சிப்பாய்கள் என முழுப்படையும் வழக்கம்போல் அணிவகுத்து நிற்கும். மறுபுறம் ஒரேயொரு காய், அதுவே மகாராஜா. இராணியின் நடையும் குதிரையின் பாய்ச்சலும் இம் மகாராஜாவுக்கு ஒருங்கே உண்டு. படை மகாராஜாவைத் தப்ப வழியின்றி மடக்கினால் படைக்கு வெற்றி. மகாராஜா எதிரரசனை அவ்வாறு மடக்கினால் மகாராஜாவுக்கு வெற்றி.

ஒருவனை எதிர்த்துப் பதினாறு பேரா என்று இரக்கப்படுவோர் சற்றுப் பொறுக்க வேண்டும். வெறும் பலகையின் நடுவே நிற்கும் மகாராஜாவின் ஆட்சிக்கு 35 கட்டங்கள் உட்படும். மூலையிலே ஒதுங்கினாலும் 23 கட்டங்கள் எஞ்சும். வழக்கமான ஆட்டத்தில் தனித்து நிற்கும் அரசனை வெல்ல இராணிக்குத் தன் அரசனின் துணை வேண்டும். மகாராஜாவுக்கோ எவர் துணையும் வேண்டியதில்லை. எதிரரசன் ஓர வரிசையின் நடுவே தனியாக நிற்கிறான் என வைத்துக்கொள்வோம். அவனுக்கு நேரெதிரே, ஒரு கட்டம் இடைவிட்டு மகாராஜா வந்து நின்றால் ஆட்டம் முடிந்தது. முன்னுள்ள மூன்று கட்டங்களையும் இராணியின் நடை காக்கும். பக்கத்திலுள்ள இரண்டையும் குதிரைப் பாய்ச்சல் காக்கும். அரசன் அசைவதற்கு இடமேயில்லை.

இத்தகைய வல்லவனைப் படை எவ்வாறு வெல்வது? விடை எளியது, கடைப்பிடிப்பதுதான் அரிது. எந்தக் காயையும் காவலின்றி விடலாகாது. எதிரியின் தாக்குதலுக்குட்பட்ட கட்டத்தில் மகாராஜா காலடி வைக்க முடியாது. ஆகவே, இன்னொரு காயின் காவலுள்ள எந்தக் காயையும் அவன் வெட்ட இயலாது. தொடக்க அணிவகுப்பையே உற்று நோக்குங்கள். மூலைகளில் நிற்கும் இரு கோட்டைகளையும் தவிர, ஏனைய 14 காய்களும் ஏதேனும் ஒரு காவலைப் பெற்றுள்ளன. அக் கோட்டைகளைக் குதிரைப் பாய்ச்சலால் எட்டலாமெனில், மகாராஜா முதலில் சிப்பாய் வரிசைக்கு முன்னுள்ள கட்டத்திலோ, அவ்வரிசையில் காவலுடன் நிற்கும் சிப்பாயின் இடத்திலோ காலூன்ற வேண்டும். முன்வரிசைக் கட்டங்கள் யாவும் சிப்பாய்களின் தாக்குதலில் உள்ளன. எனவே, சிப்பாய்கள் நிலைபெயராதவரை கோட்டைகளுக்கும் அச்சமில்லை. ஆனால், நிலைபெயராமலே இருந்தால் வெற்றியும் இல்லை. ஒருவரையொருவர் காத்தபடி படிப்படியாக முன்னேறி, மகாராஜாவின் வெளியைச் சுருக்கிக்கொண்டே செல்லுதல் வேண்டும். இவ்வாறு பிழையின்றி ஆடினால் வெற்றி படைக்கே.

இவ்விடத்தில்தான் பதவியுயர்வு விதி குறுக்கிடுகிறது. இவ்வாட்டத்தின் வழக்கமான விதிப்படி, கடைசி வரிசையை அடையும் சிப்பாய்க்குப் பதவியுயர்வு இல்லை. முன்னேறவும் வழியின்றி, எதனையும் தாக்கவும் வகையின்றி அவன் அங்கே கல்லாகி நிற்பான். இது கொடுமையாகத் தோன்றலாம். ஆயினும் காரணமுண்டு. ஏற்கெனவே வெல்லும் வழியுள்ள படைக்கு மேலும் சில இராணிகளைக் கொடுத்தால் ஆட்டத்தில் சுவை எங்கே? பதவியுயர்வு இல்லாதபோது, இழந்த காய்க்கு ஈடு கிடையாது. கவனக்குறைவால் ஒரு குதிரையை இழந்தவன் கடைசிவரை அக்குறையோடுதான் போரிட வேண்டும். ஒவ்வொரு காயின் பெறுமதியும் அதனால் உயர்கிறது.

இதற்கு நேர்மாறான ஆட்டமொன்றை அயர்லாந்து எழுத்தாளர் டன்சனி பிரபு 1942ஆம் ஆண்டில் வகுத்தார். ஒருபுறம் முழுப்படை, மறுபுறம் 32 சிப்பாய்கள் மட்டுமே. அவர்களுக்கு அரசனுமில்லை. படை அத்தனை பேரையும் வெட்டித் தீர்த்தால் படைக்கு வெற்றி. சிப்பாய்கள் எதிரரசனை மடக்கினால் அவர்களுக்கு வெற்றி. இங்கே கடைசி வரிசையை அடையும் சிப்பாய்க்குப் பதவியுயர்வு உண்டு. அதுவே அவர்களுடைய பெருநம்பிக்கையும் ஆகும்.

எனினும், இதன் இறுதியாட்டத்தில் ஒரு நுட்பம் மறைந்திருக்கிறது. இருபுறமும் எல்லாம் அழிந்து, ஒருபுறம் தனி அரசனும் மறுபுறம் இராணியாக உயர்ந்த ஒரேயொரு சிப்பாயும் எஞ்சியதாகக் கொள்வோம். இராணிக்கு வெற்றி நிச்சயம் என்று பலரும் எண்ணுவர். அது தவறு. துணைநிற்க ஓர் அரசன் அவளுக்கு இல்லையே! தனியொரு இராணி அரசனைப் பலகையெங்கும் துரத்தலாம், மடக்க முடியாது. இன்னொரு சிப்பாயும் கரையேறி இராணியாகவோ கோட்டையாகவோ மாறினால் கதையே வேறு. இருவரும் மாறிமாறி வரிசைகளை அடைத்து, அரசனை ஓரத்துக்குத் தள்ளி வீழ்த்திவிடுவர். எனவே, முதற் சிப்பாயைக் கரைசேர்க்கும் அவசரத்தில் ஏனையோரைப் பலிகொடுப்பவன் இராணியைப் பெற்றும் வெற்றியை இழக்கிறான்.

பதவியுயர்வு விதி எங்கும் ஒன்றுபோல் இருந்ததில்லை என்பதையும் மாணவர்கள் அறிதல் நன்று. பழைய அரபு நாட்டுச் சதுரங்கத்தில் உயர்வு பெற்ற சிப்பாய், மூலைவாட்டில் ஒரேயொரு கட்டம் நகரும் எளிய காயாகவே மாறினான். இந்திய நாட்டு முறையில், எந்த நிரலின் முடிவை அடைந்தானோ அந்த நிரலுக்குரிய காயின் பதவியையே பெற்றான். 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவில் இராணி இன்றைய வலிமையைப் பெற்ற பின்னரே, சிப்பாயின் உயர்வு ஆட்டத்தையே முடிக்கவல்ல ஆயுதமாயிற்று.

வீட்டிலே பெரியவரும் சிறுவரும் சதுரங்கம் ஆடும்போது, பெரியவர் வேண்டுமென்றே தோற்றுக்கொடுப்பதும், அதனை உணர்ந்த பிள்ளை மனம் வாடுவதும் நாம் காண்பவையே. அதற்கு இவ்வாட்டம் நல்லதொரு மருந்து. பெரியவர் மகாராஜாவை எடுத்துக்கொள்ளட்டும்; படையைப் பிள்ளைக்குக் கொடுக்கட்டும். தொடக்கத்தில் சிப்பாய்களுக்குப் பதவியுயர்வு அளித்து ஆடுங்கள். பிள்ளை காய்களைக் காவலோடு நகர்த்தப் பழகிய பின்னர் அச்சலுகையை நீக்கிவிடுங்கள். அதன்பின் கிடைக்கும் வெற்றி எவரும் இட்ட பிச்சையன்று; பிள்ளை தானே ஈட்டியதாகும்.

மாணவர்களுக்கு ஒரு பயிற்சி: வெறும் பலகையின் மூலையில் அரசனை நிறுத்துங்கள். மகாராஜா எக்கட்டத்தில் நின்றால் அவ்வரசன் தப்ப வழியின்றி மடிவான்? அத்தகைய கட்டங்கள் சரியாக 5 உண்டு. ஐந்தையும் கண்டுபிடியுங்கள்.