வராத கொரோலாவுக்கு நாங்கள் பார்க்கும் தரகு வேலை

போன மாதம் எங்கட பட்ச் வட்ஸ்அப் குழுவுக்கு ஒரு படம் வந்தது. சிவப்பு நிறச் செடான் கார். சுறா மாதிரி மூக்கு, பிளேட்டால் கீறினது போல மெல்லிய முன்விளக்கு, பின்பக்கம் முழுக்க ஓடும் ஒற்றை லைட். கீழே ஒரு வரி: 'அடுத்த வருசம் வாற புதுக் கொரோலா ஹைபிரிட். கன்ஃபோர்ம்.' ஆர் எடுத்த படம், எங்க எடுத்த படம் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. நாங்களும் கேக்கேல்லை. அமத்தினோம், அடுத்த குழுவுக்கு அனுப்பினோம். அண்டிரவு ஒரு மணிவரைக்கும் விவாதம் நடந்தது. முன்பக்கம் பிரியஸைப் பாத்துக் கொப்பி அடிச்சது எண்டு ஒரு கட்சி, இல்லை இதுதான் வடிவு எண்டு இன்னொரு கட்சி.

எங்கட குழுவில் அறுபது பேர் இருக்கிறோம். ஒருத்தரிடமும் கார் இல்லை. லைசன்ஸ் வைத்திருப்பவர்களே ஏழெட்டுப் பேர்தான். மஹாபொல எப்ப விழும் எண்டு பாத்துக்கொண்டிருக்கிற நாங்கள், ஜப்பானில் இன்னும் விற்பனைக்கே வராத ஒரு காரின் லைட்டுக்காகச் சண்டை பிடித்தோம். இதில் பகிடி மட்டும் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டோம்.

எங்கட நண்பி ஒருத்தியின் அப்பா 2014ஆம் ஆண்டு அக்சியோ ஹைபிரிட் ஒன்றை ஹயருக்கு ஓடுகிறவர். கட்டுநாயக்கா ஓட்டம், கலியாண ஓட்டம், ஆஸ்பத்திரி ஓட்டம் எல்லாம் அந்தக் காரில்தான். வீட்டில் ஒரு அவசரச் செலவு வந்து காரை விற்கவேண்டிய நிலை. வந்த தரகர் காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஃபோனை எடுத்து ஒரு படத்தைக் காட்டியிருக்கிறார். "அண்ணை, இது வரப்போகுது. வந்தா உங்கட மொடலை ஒருத்தரும் திரும்பியும் பாக்கமாட்டினம். இப்ப குடுத்தாத்தான் இந்த விலை." அவர் கேட்டிருந்த விலையில் நாலு லட்சம் இறங்கி, ரெண்டு நாளுக்குள் காரைக் கொடுத்துவிட்டார்.

தரகர் காட்டிய படத்தை நண்பியும் பார்த்திருக்கிறாள். அதே சிவப்புக் கார், அதே கீழ்வரி, அதே 'கன்ஃபோர்ம்'. அது எங்கள் குழுவிலிருந்துதான் அவருக்குப் போனது என்று நிரூபிக்க ஏலாது. போகவில்லை என்று சத்தியம் பண்ணவும் எங்களால் ஏலாது. தரகர் கமிஷனுக்குப் பொய் சொன்னார். நாங்கள் சும்மாவே சொன்னோம்.

சரி, அந்தப் படத்துக்குப் பின்னால் உண்மையில் என்ன இருக்கிறது?

கொரோலா 1966இல் தொடங்கிய கார். இப்போது ஓடுகிற பன்னிரண்டாவது தலைமுறை 2018இல் வந்தது. ஒரு மொடலை ஆறேழு வருடத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்றுவது ஜப்பானியக் கம்பனிகளின் வழமை. ஆகவே புதுசு ஒன்று வரும் என்று ஊகிக்கப் பெரிய மூளை தேவையில்லை. 2025 ஒக்டோபரில் டோக்கியோ வாகனக் கண்காட்சியில் ரொயோட்டா 'கொரோலா கொன்செப்ட்' என்ற ஒன்றைக் காட்சிக்கு வைத்தது. மூக்குத் தாழ்ந்த, கூர்மையான செடான். கொன்செப்ட் என்பது மேடைக்குச் செய்த கார். அது கடைக்கு வரும்போது சில்லு சின்னதாகும், லைட் தடிக்கும், கண்ணாடி நிமிரும். அந்த மேடைக் காரைப் பார்த்து ஆரோ கொம்பியூட்டரில் கீறின படம்தான் எங்கள் குழுவுக்கு வந்த சிவப்புக் கார். படத்தை உற்றுப் பார்த்தால் இலக்கத்தகடு இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை, கண்ணாடிக்குள் ஸ்டியரிங்கும் இல்லை. ஒரு மணிவரை முழித்திருந்த நாங்கள் இதைக்கூடப் பார்க்கவில்லை.

வதந்தி எல்லாம் ஒரே ரகம் இல்லை. கோடும் சுழியும் போட்ட ஸ்டிக்கரால் மூடி வீதியில் ஓட்டிப் பார்க்கும் சோதனைக் காரின் படம் ஒரு ரகம். அதில் காரின் அளவாவது உண்மையாக இருக்கும். கம்பனி பதிவு செய்யும் வடிவமைப்பு வரைபடம் வெளியே வருவது இன்னொரு ரகம், அதை ஓரளவு நம்பலாம். கொம்பியூட்டரில் கீறினதை உண்மைப் படம் என்று போடுவது மூன்றாவது ரகம். எங்கள் ஃபோனுக்கு வருவதில் பெரும்பங்கு மூன்றாவதுதான். அதுதான் கண்ணுக்கு வடிவாக இருக்கிறது, அதைத்தான் நாங்களும் அனுப்புகிறோம்.

கனவு காணுறதும் குற்றமோ எண்டு கேப்பியள். காரை ரசிப்பதில் ஒரு பிழையும் இல்லை. 2022 நவம்பரில் வந்த ஐந்தாம் தலைமுறைப் பிரியஸைப் பாருங்கள். அதற்கு முன்னர், பிரியஸை இனி ராக்சி ஓட்டத்துக்கான காராக ஆக்கினால் என்ன என்று அப்போதைய தலைவர் அக்கியோ டொயோடா கேட்டார். வடிவமைத்தவர்கள் தங்களுடைய வடிவைக் காட்டி வாதாடி, அதையே செய்துகாட்டினார்கள். வடிவமைப்பு என்பது வேலை, அறிவு, பிடிவாதம். அதைப் பற்றி விடிய விடியக் கதைக்கலாம். எங்கள் கோபம் வேறு இடத்தில்: நாங்கள் கதைப்பது வடிவமைப்பைப் பற்றியே இல்லை. மூஞ்சியைப் பற்றி. அந்தக் காரில் எங்கள் வாழ்க்கையைத் தொடுகிற விசயம் எதையும் நாங்கள் தொடுவதில்லை.

உதாரணத்துக்கு எஞ்சின். இலங்கையில் காருக்கான உற்பத்தி வரி எஞ்சினின் சீசீ அளவைப் பார்த்து ஏறுகிறது. அக்சியோ ஹைபிரிட்டின் எஞ்சின் 1496 சீசீ. இப்போதைய கொரோலா ஹைபிரிட்டினது 1797 சீசீ. இந்த 301 சீசீ வித்தியாசம்தான், கொழும்புத் துறைமுகத்தில் ஒரு குடும்பத்தின் எத்தனையோ வருடச் சேமிப்பு. அதற்கு மேலே சுங்கத் தீர்வை, குறிப்பிட்ட விலையைத் தாண்டினால் ஆடம்பர வரி, எல்லாம் கூட்டி அதற்கு மேல் 18 வீத வற். 2024 மேயில் ரொயோட்டா புதிய 1.5 லீற்றர் எஞ்சின் ஒன்றைச் செய்துகொண்டிருப்பதாக அறிவித்தது. பழையதைவிடக் கட்டையான எஞ்சின், ஆகவே காரின் மூக்கைத் தாழ்த்தலாம். இப்ப விளங்குதா? நாங்கள் 'சுறா மூக்கு' எண்டு அடிபட்ட அந்த மூக்குக்குக் கீழேதான் எங்களுக்கான செய்தி இருந்தது. புதுக் கொரோலா 1.5இல் வந்தால் அது இலங்கையில் ஒரு விலை. 1.8இல் வந்தால் வேறு விலை. குழுவில் வந்த நூற்றுக்கணக்கான செய்திகளில் ஒன்றுகூட இதைக் கேட்கவில்லை.

அடுத்தது அகலம். அக்சியோவின் அகலம் 1695 மில்லிமீற்றர். ஜப்பானில் விற்கும் இப்போதைய கொரோலா செடான் 1745. ஐந்து சென்ரிமீற்றர்தானே எண்டு சொல்லாதேங்கோ. ரெண்டு பக்கமும் மதில் கட்டின எங்கட ஒழுங்கைகளில், எதிரில் ஒரு ஆட்டோ வந்தால், கண்ணாடி உரசுவதும் உரசாமல் போவதும் அந்த ஐந்து சென்ரிமீற்றரில்தான் இருக்கிறது.

மூன்றாவதுதான் பெரிய விசயம்: பற்றறி. நண்பியின் அப்பாவின் கதையில் நாங்கள் இன்னும் சொல்லாத பகுதி இது. அந்த அக்சியோவின் ஹைபிரிட் பற்றறி பின்சீற்றுக்குக் கீழே இருக்கிறது. அதற்குள் 20 மொடியூல்கள். அதைக் குளிராக்குவது காருக்குள் இருக்கிற ஏசிக் காற்று. பின்சீற்றுப் பக்கத்தில் இருக்கிற சின்ன ஓட்டையால் ஒரு விசிறி அந்தக் காற்றை உள்ளே இழுக்கும். எங்கள் ஊர்ப் புழுதி அந்த ஓட்டையை அடைக்கும். ஹயர் ஓட்டத்தில் சனம் ஏற்றுகிற பொதிகளும் அடைக்கும். பற்றறி சூடாகும். ஒரு மொடியூல் பலவீனமானால் மற்றவை அதன் சுமையையும் இழுக்கவேண்டும். ஒருநாள் டாஷ்போட்டில் சிவப்பு முக்கோணம் எரியும்.

அவருக்கும் எரிந்தது. புதுப் பற்றறிக்குக் காசு இல்லை. 'ரீகொண்டிஷன்' பற்றறி எண்டு ஒரு இடத்தில் போட்டார், ஒரு வருட உத்தரவாதம் வாய்மொழியில். ஐந்தாம் மாதம் முக்கோணம் திரும்பவும் எரிந்தது. அடிபட்ட கார்களில் இருந்து கழற்றிய மொடியூல்களைக் கலந்து கட்டிய பற்றறி அது என்று வேறொரு மெக்கானிக் திறந்து காட்டினார். போட்ட இடத்தில் கேட்டால், "நீங்கள் கூட ஓடிப்போட்டியள்." முறையிட ஒரு துண்டும் கையில் இல்லை. அப்படி உழைப்பில் பாதியைத் தின்ற காரைத்தான் கடைசியில் நாலு லட்சம் குறைத்து விற்றார்.

புது மொடல் பற்றிய வதந்தியில் ஆராவது இதைக் கேட்கிறார்களா? அந்தப் பற்றறியை ஒவ்வொரு மொடியூலாக மாற்றலாமா, முழுதாகத்தான் வாங்கவேண்டுமா? காற்று இழுக்கிற ஓட்டை எங்க இருக்கு? அதைத் திறந்து வேலை செய்ய எங்கட கராஜ் பெடியளுக்கு ஆர் பழக்குவது? பழைய பற்றறி கடைசியில் எங்க போகுது? ஒரு குடும்பம் பத்து வருடம் சேர்ந்து வாழப்போகிற கார் என்றால் இதுதான் அதன் உண்மையான வடிவமைப்பு. முன்விளக்கு அடையாள அட்டைப் படம் மாதிரி.

இதைச் சொல்ல எங்களுக்குப் பக்கத்திலேயே ஒரு வரலாறு இருக்கிறது. பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின் ஏ40 கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்களாம். நாங்கள் பிறக்க முந்தின கதை, பெரியாக்கள் சொல்லிக் கேட்டது. அதைப் பெருமைப் பாட்டாகப் பாட நாங்கள் வரவில்லை. அது வேறு வழியில்லாமல் நடந்தது, புகைக்குள் நடந்தது. ஆனால் ஒரு காரை அக்கக்காய்க் கழற்றி விளங்கிக்கொண்ட ஒரு தலைமுறை இங்கே இருந்தது. அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமான நாங்கள் படத்தை அமத்தி அனுப்புகிறோம்.

இன்னொரு பொய்யும் இருக்கிறது: 'லீற்றருக்கு முப்பது ஓடும்.' அக்சியோ ஹைபிரிட் வந்தபோது ஜப்பானியச் சோதனையில் காட்டிய கணக்கு லீற்றருக்கு 33 கிலோமீற்றர். நண்பியின் அப்பாவைக் கேட்டால் பதினெட்டு, இருபது எண்டுதான் சொல்லுவார். காரணம் இரகசியம் இல்லை. ஹைபிரிட்டின் கெட்டித்தனம் நின்று நின்று போகும் நகர ஓட்டத்தில்தான். பிரேக் பிடிக்கும்போது வீணாகிற சக்தியை அது பற்றறியில் சேமிக்கும். ஏ9இல் ஏசியைப் போட்டுக்கொண்டு நிற்காமல் போனால் சேமிக்க ஒன்றுமில்லை. புதுக் கொரோலாவுக்கும் இதே விதிதான். வதந்தியில் வருகிற பெரிய எண்ணை நம்பி ஆரும் லீசிங் கணக்குப் போடக்கூடாது.

'கம்பனிக்குத்தானே வதந்தியால நட்டம், புதுசு வருதெண்டா பழசை ஆர் வாங்குவான்?' எண்டு ஒரு நண்பன் கேட்டான். ஜப்பானில் அது ஓரளவு சரி. அங்கே புதுசுக்குக் காத்திருப்பவன் புதுசை வாங்குவான். இங்கே கதை வேறு. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் பாவித்த கார் வாங்கின விலையைவிடக் கூடுதலாக விற்றது. ரூபாய் விழுந்தபோது கையில் காசு வைத்திருந்தவர் தோற்றார், கார் வைத்திருந்தவர் தப்பினார். இங்கே கார் என்பது வங்கிப் புத்தகம், சில வீடுகளில் சீதனம். அப்படியான இடத்தில் 'புதுசு வருது, பழசு விழும்' என்ற வதந்தி விளையாட்டே இல்லை. அது ஒரு மனுசனின் சேமிப்பை ஆட்டுகிறது. அதன் நட்டம் கம்பனிக்குப் போவதில்லை, அவசரத்துக்கு விற்கிறவருக்குப் போகிறது. லாபம், வாங்கி வைத்துக் காத்திருக்கக் கூடியவருக்கு.

ஆகவே நாங்கள் எங்களுக்குள்ளே ஒரு முடிவு எடுத்தோம். படம் வந்தால் முதலில் கேட்பது: இது ஓடுகிற காரின் படமா, பதிவு வரைபடமா, கீறினதா? கீறினது என்றால் அனுப்பமாட்டோம், அனுப்பினவரிடம் குழுவிலேயே கேட்போம். கார் பற்றிக் கதைக்கிறதென்றால் சீசீ, அகலம், பற்றறி, வர்த்தமானி இந்த நாலையும் சேர்த்துக் கதைப்போம். ஹைபிரிட் பற்றறி திருத்துகிற இடங்கள் எழுத்தில் உத்தரவாதம் கொடுக்கவேண்டும், எந்த மொடியூல் எங்கிருந்து வந்தது என்று பற்றுச்சீட்டில் எழுதவேண்டும் என்று கேட்பதற்கு ஒரு சட்டப்பீட மாணவரும் ஒரு பொறியியல்பீட மாணவரும் எங்களோடு சேர்ந்தால் நல்லது. கலைப்பீடத்தில் நாங்கள் எழுதித் தருவோம்.

நண்பியின் அப்பா இப்போது இன்னொருவரின் வானை நாள்கூலிக்கு ஓடுகிறார். போன கிழமை எங்களைக் கண்டு கேட்டார்: "பிள்ளையள், அந்தச் சிவப்புக் கார் வந்திட்டுதோ?"

இல்லை, அங்கிள். அப்படி ஒரு கார் இல்லை.