அரிவாளைக் கையில் கொடுத்தது சினிமாவா?

எங்காவது ஒரு பள்ளிக்கூடப் பையன் அரிவாளைத் தூக்கிவிட்டால் போதும். அன்று ராத்திரியே டீவியில் நாலு பெரியவர்கள் உட்கார்ந்து "எல்லாம் இந்தச் சினிமாவும் வீடியோ கேமும் பண்ற வேலை சார்" என்று தீர்ப்பு சொல்லிவிடுவார்கள். கேட்டால், "ஆராய்ச்சியே இருக்கு" என்பார்கள். சரி, அந்த ஆராய்ச்சியைத்தான் கொஞ்சம் பார்ப்போமே.

எல்லாரும் கை காட்டுவது, ஆல்பர்ட் பண்டுரா 1961-ல் ஸ்டான்ஃபோர்டில் செய்த சோதனையை. மூன்றிலிருந்து ஆறு வயதுக்குள் 72 குட்டிப் பிள்ளைகள். ஒரு பெரியவர் பொம்மையைப் போட்டு அடிப்பதை அதில் சில பேருக்குக் காட்டினார்கள். பிறகு நல்ல விளையாட்டுச் சாமான்களைக் கண்ணில் காட்டி, உடனே பிடுங்கி, கடுப்பேற்றி, அதே மாதிரி பொம்மை இருக்கும் அறையில் விட்டார்கள். பிள்ளைகளும் அடித்தன. 1963-ல் அதையே படமாக எடுத்துக் காட்டியும் பார்த்தார்கள், அப்போதும் அடித்தன. ஆனால் அது என்ன பொம்மை தெரியுமா? காற்றடைத்த கோமாளி பொம்மை. நம்ம தஞ்சாவூர் பொம்மை மாதிரி, தள்ளினால் ஆடிவிட்டு எழுந்து நிற்கும். குத்துவதற்கென்றே செய்த சாமானைக் குத்தாமல் கொஞ்சவா செய்வார்கள்? :-) பிள்ளைகள் பார்த்ததைச் செய்யும், வாஸ்தவம். அதிலிருந்து ஒரே தாவாக அரிவாளுக்குப் போவதுதான் எனக்குப் புரியவில்லை.

1999-ல் அமெரிக்காவில் கொலம்பைன் பள்ளியில் இரண்டு மாணவர்கள் 12 மாணவர்களையும் ஓர் ஆசிரியரையும் சுட்டுக் கொன்றபோது, அவர்கள் ஆடிய 'டூம்' கேம் மேல் பழி விழுந்தது. டூம் வெளிவந்தது 1993 கடைசியில். அந்த வருஷம் அங்கே லட்சம் பேருக்கு 9.5 கொலை. 2014-ல் 5-க்கும் கீழே. நடுவில் இருந்த இருபது வருஷமும் பையன்கள் சுட்டுத்தள்ளிக்கொண்டேதான் இருந்தார்கள், திரையில். கேம் ஆடியதால் கொலை குறைந்தது என்று நான் சொல்ல வரவில்லை. அமெரிக்க உளவியல் சங்கம் 2020-ல் சொன்னதும் இவ்வளவுதான்: கத்துவது, தள்ளுவது போன்றவற்றோடு இந்த கேம்களுக்குச் சின்னத் தொடர்பு உண்டு, நிஜ வன்முறைக்கு அவைதான் காரணம் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை.

இனி நம்ம ஊர். 2023 ஆகஸ்ட், நாங்குநேரி. கூடப் படிக்கிறவர்கள் துன்புறுத்துகிறார்கள் என்று பள்ளியில் சொன்ன ஒரு தலித் மாணவனை, அதே மாணவர்கள் ராத்திரி வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. எந்த கேமில் வருகிறது, யாரை வெட்ட வேண்டும் என்று? வெட்டுவது எப்படி என்று வேண்டுமானால் சினிமா காட்டியிருக்கலாம். யாரை என்பதைத் தெருவும் வீடும் அல்லவா சொல்லிக்கொடுத்தன?

'தேவர் மகன்' 1992-ல் வந்தது. கடைசியில் கதாநாயகன் வெட்டுக்குத்தை விட்டுவிட்டுப் பிள்ளைகளைப் படிக்க வையுங்கள் என்கிறான். அதை யார் எடுத்துக்கொண்டார்கள்? சாதி விழாக்களுக்குப் போனது அந்தப் படத்தின் பாட்டுதான். படம் பார்த்து மனசு மாறுவதாக இருந்தால் அந்தக் கடைசிக் காட்சிக்கும் கொஞ்சம் மாறியிருக்க வேண்டாமா?

மாணவர்கள் கையில் சாதிக்கொரு கலரில் கயிறு. 2019-லேயே பள்ளிக் கல்வித்துறை இதைத் தடுக்கச் சொல்லிச் சுற்றறிக்கை விட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் பழைய நடைமுறையே தொடரும் என்றார் அன்றைய அமைச்சர். நாங்குநேரிக்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறு கூடாது, பள்ளிப் பெயரில் சாதி கூடாது, அகரவரிசைப்படி உட்கார வையுங்கள் என்று அதில் இருக்கிறது. அதற்கும் எதிர்ப்பு வந்தது. எதிர்த்தவர்கள் யாரும் வீடியோ கேம் ஆடுகிற வயசுக்காரர்கள் இல்லை.