ஆக்ஸ்போர்டில் ஒரு பகல்

கரிசல் மண்ணின் பிள்ளைகள் படிப்பிற்கும் பணிக்கும் கடல் கடந்த பின்னர், கடம்பூர், கோவில்பட்டி வட்டாரத்துப் பெற்றோர் கோடையில் இங்கிலாந்து சென்று வருவது இயல்பாகிவிட்டது. போளியும் கடலைமிட்டாயும் மறவாமல் பெட்டியில் ஏறுகின்றன. காண வேண்டிய இடங்களின் பட்டியல் மட்டும் பயண முகவரிடமிருந்து வருகிறது: கோபுரப் பாலம், மெழுகுச் சிலைக்கூடம், அரண்மனை வாயில். இவற்றைக் காண்பதில் குறையொன்றுமில்லை. ஆயினும் தமிழ் படித்தோர் ஒரு பகலையேனும் ஆக்ஸ்போர்டு நகருக்கு ஒதுக்க வேண்டும் என்பது நம் கருத்து.

இலண்டன் பாடிங்டன் நிலையத்திலிருந்து தொடர்வண்டியில் ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். இறங்கியதும் பலரும் கல்லூரிக் கோபுரங்களை நோக்கி நடப்பர். நாம் முதலில் வால்டன் தெருவுக்குச் செல்வோம். அதையொட்டி, 1848இல் தொடங்கப்பட்ட செயின்ட் செபல்கர் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஜி.யு. போப் துயில்வது அங்கேதான்.

கனடாவின் இளவரசர் எட்வர்டு தீவில் 1820இல் பிறந்த அவர், 1839இல் தமிழகம் வந்தார். 1842 முதல் நம் மாவட்டத்துச் சாயர்புரத்தில் பணியாற்றினார். முதுமையில் ஆக்ஸ்போர்டில் தமிழும் தெலுங்கும் கற்பித்தார். திருக்குறள் மொழிபெயர்ப்பு 1886இலும், நாலடியார் 1893இலும், திருவாசகம் 1900இலும் வெளிவந்தன. திருவாசகம் வந்தபோது அவருக்கு வயது எண்பது.

தம் கல்லறையில் தம்மைத் ‘தமிழ் மாணவன்’ எனப் பொறிக்கச் சொன்னார் என்று மேடைதோறும் முழங்கக் கேட்கிறோம். அக்கல்லில் அப்படி ஒரு சொல் இல்லை. அவருடைய பெயர், பதவிகள், பிறந்த நாள், 1908 பிப்ரவரி 11 என்னும் இறந்த நாள் ஆகியவை உள்ளன. இறுதியில், அவருடைய குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் அன்போடு இக்கல்லை நாட்டினர் என்னும் செய்தி உள்ளது.

இதில் ஏமாற்றம் கொள்ள என்ன இருக்கிறது? கட்டுக்கதையில் நாம் புகழுரை கேட்டு மகிழ்வோர் மட்டுமே. கல்லில் உள்ளதோ, நன்றி மறவாத தமிழர் கடல் கடந்து ஆற்றிய கடமை. இல்லாத வாசகத்தை வகுப்பறையில் ஓதி, இருக்கும் வாசகத்தை மறைப்பது அந்த நண்பர்களுக்கு நாம் இழைக்கும் அநீதியன்றோ?

அதே தோட்டத்தில் பேலியல் கல்லூரித் தலைவராயிருந்த பெஞ்சமின் ஜோவெட்டும் அடக்கமாகியிருக்கிறார். இந்த வயதில் திருவாசகப் பணியா எனப் போப் தயங்கியபோது, பெரும்பணி ஒன்றைக் கையில் வைத்திருப்பதே நெடிது வாழும் வழி என்று ஊக்கியவர் அவர். இரு கல்லறைகளையும் கண்டபின் பேலியல் கல்லூரிக்குச் செல்லுங்கள். போப் சமயப்பணி செய்த இடம் அது. பிற்பகலை அஷ்மோலியன் அருங்காட்சியகத்துக்கு வைத்துக்கொள்ளலாம். அந்நிறுவனம் 1967இல் விலைக்கு வாங்கிய திருமங்கையாழ்வார் செப்புத் திருமேனியை இந்தியாவுக்குத் திருப்பித்தரப் பல்கலைக்கழகம் 2024இல் இசைந்தது. நம்மிடமிருந்து போன பொருளையும், நம் மொழியைத் தேடி வந்த மனிதரையும் ஒரே ஊரில் ஒருங்கே எண்ணிப் பார்க்கலாம்.

இப்பயணத்துக்கு முன்னேற்பாடு ஒன்று உண்டு. விமானம் ஏறுமுன் சாயர்புரத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். தூத்துக்குடிப் பக்கம் எத்தனையோ முறை போய்வந்தும் அவ்வூரில் இறங்காதோர் நம்மிடையே பலர். ஓர் இளைஞர் தமிழ்ப்பணியைத் தொடங்கிய மண்ணை அறியாமல் அவர் முடிவுற்ற மண்ணை மட்டும் காண்பது பாதிப் பயணமே.

ஆக்ஸ்போர்டு சேர்ந்ததும், படம் எடுக்குமுன் கல்லின் எழுத்துகளை நிதானமாகப் படியுங்கள். திரும்பி வந்து பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, படித்ததை மட்டும் சொல்லுங்கள்.