காந்தம் இருக்கட்டும், ஒளி?

கடந்த 2025 அக்டோபர் 9-ஆம் தேதி ஹோல்மியம், எர்பியம், தூலியம், யூரோப்பியம், இட்டெர்பியம் ஆகிய ஐந்து அரிய மண் தனிமங்களுக்குச் சீனா ஏற்றுமதிக் கட்டுப்பாடு அறிவித்தது. இங்கு எழுந்த விவாதமோ மின்வாகனக் காந்தங்களைச் சுற்றியே அமைந்தது. அந்த ஐந்தில் ஹோல்மியம் தவிர மற்றவற்றுக்குக் காந்தத் தயாரிப்பில் பெரிய பங்கில்லை. அவற்றின் பயன் ஒளியில் இருக்கிறது.

குழல்விளக்கின் உட்பூச்சு, ஆற்றல் மிகுந்த புறஊதாக் கதிரை வாங்கி, ஆற்றல் குறைந்த ஒளியாகத் தருகிறது. 'மேல்மாற்று ஒளிர்வு' இதற்கு நேர்மாறானது. கண்ணுக்குப் புலப்படாத 980 நானோமீட்டர் அகச்சிவப்புக் கதிரை இட்டெர்பியம் அயனி உறிஞ்சி, அருகிலுள்ள எர்பியத்திடம் ஒப்படைக்கிறது. எர்பியம் அதை உடனே இழந்துவிடாமல் தேக்கிவைத்திருக்க, இரண்டாம் தவணையும் வந்து சேர்கிறது. இரண்டும் கூடிப் பச்சை ஒளியாக வெளிப்படுகின்றன. எர்பியத்துக்குப் பதில் தூலியம் இருந்தால் நீலம். ஆற்றல் புதிதாகப் பிறப்பதில்லை. சில்லறையைக் கொடுத்து நோட்டு வாங்குவது போன்றதுதான். பிரான்சின் ஓசெல் 1966-இல் விளக்கிய நிகழ்வு இது.

அகச்சிவப்பு, புறஊதாவைவிடத் தசைக்குள் ஆழமாக ஊடுருவும். திசுக்கள் தாமாக ஒளிர்ந்து படத்தைக் குழப்புவதும் இல்லை. ஆகவேதான் புற்றுத்திசுவை அடையாளம் காணும் ஆய்வுகளில் இத்துகள்கள் இடம்பெறுகின்றன. போலிகளைக் காட்டிக்கொடுக்கும் பாதுகாப்பு மைகளிலும் இவை உண்டு. உறிஞ்சும் ஆற்றலில் மிகச் சிறு பங்கையே நானோ துகள்கள் ஒளியாகத் திருப்பித் தருகின்றன என்பது இன்னும் தீராத குறை.

அக்டோபர் அறிவிப்பைச் சீனா 2026 நவம்பர் 10 வரை நிறுத்திவைத்தது. ஆனால், இத்துகள்களுக்கு இருப்பிடமாகும் சோடியம் இட்ரியம் ஃபுளோரைடில் உள்ள இட்ரியம், 2025 ஏப்ரல் பட்டியலைச் சேர்ந்தது. அந்தப் பட்டியலுக்கு இச்சலுகை இல்லை.

காந்த உற்பத்திக்கு ரூ.7,280 கோடித் திட்டத்தை மத்திய அமைச்சரவை 2025 நவம்பரில் ஏற்றது வரவேற்கத்தக்கதே. அதைக் காட்டிக் கடற்கரை மணலை மேலும் தோண்டுவதே எல்லாவற்றுக்கும் தீர்வு என்று வாதிடுவதைத்தான் ஏற்க இயலவில்லை. மணவாளக்குறிச்சி உள்ளிட்ட கடற்கரைகளின் மோனசைட்டில் லாந்தனம், சீரியம், நியோடிமியம் போன்ற இலகு தனிமங்களே மிகுதி; எர்பியமும் இட்டெர்பியமும் அதில் சொற்பம். கூடவே கதிரியக்கத் தோரியமும் வரும். கரையோர மக்களின் அச்சத்தைப் புறந்தள்ளிவிட்டு எத்தனை டன் அள்ளினாலும், ஒளிக்கான தனிமங்கள் கைநிறையக் கிடைக்கப் போவதில்லை.

நல்வாய்ப்பாக, ஒளிர்பொருள் ஆய்வுகளுக்கு இவை டன் கணக்கில் தேவையில்லை. கிராம், கிலோ கணக்கில் போதும். தேவைப்படுவது தூய்மை. வேதியியலில் ஏறக்குறைய இரட்டையரான இத்தனிமங்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்கும் நுட்பத்தில்தான் சீனாவின் பிடி இருக்கிறது. உயர்தூய்மை ஆக்சைடுகளுக்கெனச் சிறு பிரிப்பு ஆலையும், ஆய்வகங்களுக்கான கையிருப்பும் ஏற்படுத்த, காந்தத் திட்டச் செலவில் சிறு பகுதியே போதுமானது. நிறுத்திவைப்புக் காலம் முடியும் முன்னரே அதற்கான ஒதுக்கீட்டை அரசு செய்ய வேண்டும்.